குடையும் செருப்பும்

“சாதின்னு ஒண்ணு நம்மகிட்ட இல்லவே இல்ல சார். வெள்ளைக்காரன் சென்சஸ் எடுக்க வந்தான், ஆளுக்கொரு பேரு எழுதினான், அடிச்சுக்க விட்டுட்டுப் போயிட்டான். இத நான் சொல்லல, அமெரிக்காக்காரனே புத்தகம் போட்டுட்டான். அதுவும் நம்ம புதுக்கோட்டைய வச்சு!”

புதுக்கோட்டையில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், மேடையில் முக்கால் மணி நேரம் முழங்கிய நண்பர் தேநீர்க் கடையில் அதையே இப்படிச் சுருக்கிச் சொன்னார். அமெரிக்காக்காரர் யார் என்று கேட்டேன். பெயர் ஞாபகம் இல்லை, பெரிய ஆள் என்றார். புத்தகத்தை எங்கே படித்தீர்கள் என்றேன். வாட்ஸ்ஆப்பில் வந்ததாம்.

நண்பரைக் கேலி செய்வது நோக்கமில்லை. அவர் சொல்வதைத்தான் இன்று எத்தனையோ பேர் சொல்கிறார்கள். சனாதனத்துக்கு வக்காலத்து வாங்குபவர் சொல்கிறார். ஆதித் தமிழனிடம் ஏற்றத்தாழ்வே கிடையாது என்று நம்புகிறவர், வெள்ளைக்காரனோடு விஜயநகரத்தாரையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுச் சொல்கிறார். பல்கலைக்கழகத்தில் காலனிய எதிர்ப்புப் பாடம் படித்தவர் ‘கட்டமைக்கப்பட்டது’ என்ற சொல்லைப் போட்டுக் கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார். வேறெதிலும் ஒரே பந்தியில் உட்காராத மூன்று பேர் இதில் மட்டும் ஒரே இலையில் சாப்பிடுகிறார்கள் என்றால் சாப்பாட்டின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

அந்த அமெரிக்கர் நிக்கோலஸ் டர்க்ஸ். புத்தகம், 1987இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘தி ஹாலோ கிரவுன்’. உள்ளே ஒன்றுமில்லாத கிரீடம் என்று பொருள். ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தில் வரும் தொடர். புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தைப் பற்றிய நூல் அது. சாதி, அரசு, மரியாதை இவற்றின் உறவைப் பற்றி உலகத்தில் எங்கே விவாதம் நடந்தாலும் நம் ஊரின் பெயர் அடிபடுவதற்கு அந்த நூல்தான் காரணம். நண்பர் சொன்னது அதில் இல்லை. அதில் இருப்பது அதைவிடச் சுவையானது. நமக்கு அதைவிடச் சங்கடமானதும்கூட.

டர்க்ஸ் வாதுக்குப் போனது இன்னொரு அறிஞரோடு. பிரான்சைச் சேர்ந்த லூயி துமோன், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் கைதியாக இருந்த காலத்தில் சமஸ்கிருதம் படித்தவர். பிறகு மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, தமிழ் கற்று ஆய்வு செய்தார். அது 1957இல் நூலானது. 1966இல் வந்த ‘ஹோமோ ஹையரார்க்கிகஸ்’ அவரை உலகமறியச் செய்தது. இந்தியச் சமூகத்தைத் தாங்கி நிற்பது தூய்மைக்கும் தீட்டுக்கும் உள்ள எதிர்நிலை என்பது அந்த நூலின் சாரம். உச்சியில் பிராமணர், அடியில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர். அரசனிடம் படை இருக்கலாம், பொக்கிஷம் இருக்கலாம், மதிப்பு என்று வந்தால் அவன் புரோகிதருக்குக் கீழேதான் உட்கார வேண்டும். அதாவது இங்கே மதம் அரசியலை விழுங்கிவிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் புதுக்கோட்டையே துமோனுக்குச் சாட்சி சொல்வதுபோல் தோன்றும். 1738இல் சதாசிவ பிரம்மேந்திரர் விஜயரகுநாதராயத் தொண்டைமானுக்கு மணலில் மந்திரம் எழுதிக் கொடுத்தார், அந்த மணல் அரண்மனைப் பூஜையில் இருக்கிறது என்பது சமஸ்தானத்து மரபு. நவராத்திரியில் அரிசியும் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசும் தானம் கொடுத்த ஊர் இது. அரசன் கேட்கிறான், துறவி கொடுக்கிறார். யார் மேலே என்று இன்னுமா தெரியவில்லை என்பார் துமோன்.

டர்க்ஸ் அந்த மணலைத் தாண்டி நிலக்கணக்கைப் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சமஸ்தானத்தில் சாகுபடியான நிலத்தில் வரியாகவோ அமானி என்ற விளைச்சல் பங்காகவோ சர்க்காருக்கு வருமானம் தந்தது 30 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பகுதி மானியம். அந்த மானியத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் கோயில், மடம், சத்திரம், பிராமணர்களுக்குப் போனது. 30 சதவீதம் படைவீரர்களுக்கும் அவர்களுடைய தலைவர்களுக்கும் அரண்மனைக் காவலர்களுக்கும். 25 சதவீதம் ஊர் அதிகாரிகள், கைவினைஞர்கள், ஊர் ஊழியர்களுக்கு. சிவாச்சாரியாருக்குக் கொடுத்ததும் சேர்வைக்காரருக்குக் கொடுத்ததும் ஊர்த் தச்சருக்குக் கொடுத்ததும் ஒரே கை. கொடுக்கக் கொடுக்க அந்தக் கைக்கு அரசன் என்று பெயர் நிலைத்தது. நிலத்தோடு விருதும் போனது: இவருக்குக் குடை, இவருக்குப் பல்லக்கு, இவருக்குச் சாமரம், கோயிலில் இவருக்கு முதல் திருநீறு, இவருக்குப் பரிவட்டம். ஒருவர் எந்தச் சாதி, அந்தச் சாதி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் தீர்மானித்ததில் தீட்டுக்கு இருந்த பங்கைவிட, அரசனுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார் என்பதற்குப் பங்கு அதிகம். இலங்கையில் தொல்லியல் ஆணையராக இருந்த ஹோகார்ட் என்ற ஆங்கிலேயர், சாதியின் நடு அச்சு அரசன்தான் என்று முன்பே எழுதியிருந்தார். அவர் சொன்ன கோட்டில் ஒரு முழுச் சமஸ்தானத்தை வைத்துக் காட்டினார் டர்க்ஸ்.

இதற்கு அவர் காட்டுகிற சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கள்ளர் என்ற ஒரே பெயர் இரண்டு ஊர்களில் பட்ட பாடு. இங்கே அந்தப் பெயர் அரசகுலத்தின் பெயர். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கிழவன் சேதுபதியின் ஆதரவோடு எழுந்த தொண்டைமான்கள் கடைசிவரை சிம்மாசனத்தில் இருந்தார்கள். இங்கிருந்து மதுரையைத் தாண்டி உசிலம்பட்டிப் பக்கம் போனால், அதே பெயரைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பதிவேட்டில் ஏற்றி, ஆண்களைக் கைரேகை வைக்கச் சொன்னார்கள். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு வரை போனது. தீட்டு, தூய்மை என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியுமா? முடியாது. யார் கையில் ஆட்சி இருந்தது என்று கேட்டால் உடனே விளங்கும். துமோன் ஆய்வு செய்த இடத்தில் அரசன் இல்லை, அதனால் இந்தியா முழுவதும் அரசன் பொருட்டில்லை என்று எழுதிவிட்டார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முழு நியாயமான கிண்டல் இல்லைதான்.

இந்த இடம் வரைக்கும் நம் நண்பர்கள் கைதட்டுகிறார்கள். அடுத்த பகுதிக்கும் தட்டுவார்கள். வெள்ளைக்காரன் என்ன செய்தான்? மெட்ராஸ் மாகாணத்தின் தமிழ்ப் பகுதியில் தப்பிப் பிழைத்த ஒரே சமஸ்தானம் புதுக்கோட்டை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் கம்பெனிக்குத் துணை நின்றதும் அதற்குக் காரணம். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். கிரீடத்தை விட்டுவைத்த கம்பெனி அதன் உள்ளீட்டை உருவிக்கொண்டது. போர் செய்ய முடியாது, ஆகவே வீரனுக்கு மானியம் கொடுக்கக் காரணம் இல்லை. திருவிதாங்கூர் திவானாக இருந்துவிட்டு 1878இல் இங்கே வந்த சேஷய்ய சாஸ்திரி அமானியை ஒழித்தார். 1888இல் இனாம் செட்டில்மென்ட் வந்தது. ஊழியத்துக்காகக் கொடுத்த நிலம் பட்டா நிலம் ஆயிற்று, ஊழியம் கழன்றுகொண்டது. ஆண்டவனுக்கும் அரசனுக்கும் ஊருக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த கொடுக்கல் வாங்கல் நின்று, தசரா தர்பார் மட்டும் மிஞ்சியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தபோது கிரீடம் எவ்வளவு காலி என்பது ஊருக்கே தெரிந்தது. அவர்களுடைய மகனை வாரிசாக ஏற்க பிரிட்டிஷார் மறுத்துவிட்டார்கள். யாரை மணப்பது என்று முடிவு செய்ய முடிந்த ராஜாவால் தனக்குப் பின் யார் ராஜா என்று முடிவு செய்ய முடியவில்லை.

அரசியல் கழன்றபின் சாதி தனியாக நின்றது. அதைச் சென்சஸ் எண்ணியது. 1901இல் சென்சஸ் ஆணையர் ரிஸ்லி எது மேல், எது கீழ் என்று வரிசைப்படுத்தப் பார்த்தார். நீதிமன்றம் சட்டப் புத்தகத்தை வைத்துத் தீர்ப்பு எழுதியது. நெகிழ்ந்தும் நகர்ந்தும் இருந்தவை இறுகின. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறுக்கவும் முடியாது.

மறுப்பது இதிலிருந்து ஒரே தாவலில் நண்பர்கள் போய்ச் சேரும் இடத்தை. சாதி நெகிழ்வாக இருந்தது, ஆகவே சாதி இல்லை. அரசியலாக இருந்தது, ஆகவே கொடுமையாக இல்லை. இறுக்கியவன் வெள்ளைக்காரன், ஆகவே உண்டாக்கியவனும் அவனே. இந்த மூன்று ‘ஆகவே’க்களில் ஒன்றுகூட டர்க்ஸின் நூலில் இல்லை.

குடையையும் செருப்பையும் எடுத்துக்கொள்வோம். கரூர் பசுபதீசுவரர் கோயிலில் கோனேரின்மை கொண்டான் என்ற பட்டத்தோடு ஓர் அரசன் வெட்டிவைத்த ஆணை இருக்கிறது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முந்தையது. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு எழுதியது. நல்லது கெட்டதுக்கு அவர்கள் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். பெருந்தன்மையான அரசன் என்று ஒருவர் இதைப் படிக்கலாம். நான் படிக்கும்போது தெரிவது வேறு. ஆணை நடைமுறைக்கு வந்த ஆடி மாதம் வரைக்கும் ஊருக்குக் கலப்பையும் கோயிலுக்குச் சிலையும் செய்து கொடுத்தவர் செருப்பில்லாமல் நடந்திருக்கிறார். அனுமதி கொடுத்தவன் அரசன் என்றால், அதுவரை அனுமதி இல்லை என்று இருந்ததும் அரசியல்தான். கிழக்கிந்தியக் கம்பெனி பிறக்க இன்னும் பல நூறு ஆண்டுகள் கிடந்தன.

பக்கத்து ஊர் தஞ்சாவூர். பெரிய கோயிலில் ராஜராஜன் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு வெட்டியிருக்கிறது. வரி விதிக்காமல் கழித்துவிட்ட இடங்களின் பட்டியலில் ஊர் நத்தம் தனி, கம்மாணச்சேரி தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி என்ற பெயரும் தனி; சுடுகாட்டிலும் பறைச்சுடுகாடு தனி. தீண்டாச்சேரி என்ற சொல்லை ரிஸ்லி உளி பிடித்து வெட்டவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் தமிழ் தெரிந்த கணக்கர் ஒருவர் சொல்ல, தமிழ் தெரிந்த கல்தச்சர் ஒருவர் வெட்டினார்.

இப்போது 1930க்கு வருவோம். அந்த டிசம்பரில், நமக்குத் தெற்கே ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கத்தில் இருந்தவர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுக் கட்டுப்பாடுகள் விதித்தார்கள். 1931 சென்சஸ் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி போடக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

சென்சஸ் வந்தபிறகுதானே இது, வெள்ளைக்காரன் காலம்தானே என்பீர்கள். பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். குடை. செருப்பு. இவை எந்தச் சென்சஸ் படிவத்திலும் இருந்த கட்டங்கள் இல்லை. அரசன் விருதாகக் கொடுத்தது குடையை. கரூரில் ஆணை போட்டு அனுமதித்தது செருப்பை. மேலே இருப்பவனுக்கு மரியாதையாகக் கொடுத்த அதே பொருள், கீழே இருப்பவனுக்குத் தடையாக வந்து நிற்கிறது. ஊரில் எல்லோரும் குடை பிடித்தால் அரசன் கொடுத்த குடைக்கு என்ன மதிப்பு? ஒருவர் வெறுங்காலோடு நடந்தால்தான் இன்னொருவர் செருப்புக்கு அர்த்தம். மரியாதை என்ற அரசியல் ஏற்பாடு இந்தக் கணக்கில்தான் ஓடியது. டர்க்ஸ் அதன் மேல் பாதியை வரைந்தார், அற்புதமாக வரைந்தார். அவருக்குக் கிடைத்த சான்றுகள் பாளையக்காரர்களின் வம்சாவளிகள், அரண்மனைக் கணக்குகள், நாட்டு அம்பலங்களின் நினைவுகள். விருது வாங்கியவன் வம்சாவளி எழுதிவைப்பான். விருது மறுக்கப்பட்டவனிடம் ஏது ஓலை?

அமானிக் கணக்கிலேயே அந்தக் கீழ்ப் பாதி இருக்கிறது. களத்து நெல்லை ஒன்பது பங்காக்கி நாலு பங்கு அரசருக்கு, நாலு பங்கு பயிரிட்டவருக்கு. மிச்சம் ஒரு பங்கு ஊர் ஊழியர்கள் அத்தனை பேருக்கும். இதைச் ‘சமூகப் பகிர்வு’ என்று சிலாகிக்கும் கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். அந்த ஒரு பங்கையும் பிரித்துப் பிரித்துப் போய்க் கடைசியில் நின்ற வெட்டியானுக்கு எத்தனை மரக்கால் வந்திருக்கும் என்று கணக்குப் போட்ட கட்டுரையை நான் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த மண்ணில் அரசியல் சிந்தனையே இல்லை, எல்லாம் லண்டனிலிருந்து கப்பலில் வந்தது என்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 1929இல் சமஸ்தானம் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரார் கூடி, ஊரைக் காக்கும் பாடிகாவல் உரிமையை ஒரு தலைவனுக்கு எழுதிக் கொடுத்து, பதிலுக்கு அவனுக்கு இன்ன வரும்படி என்று வரையறுக்கும் ஆவணங்கள் அவற்றில் பல. பாதுகாப்புக்காக மக்கள் தங்கள் உரிமையை அரசுக்கு ஒப்படைக்கிறார்கள் என்று 1651இல் ஹாப்ஸ் எழுதியது ஒரு கற்பனை ஒப்பந்தம். இங்கே அந்த ஒப்பந்தம் கையெழுத்தோடு கல்லில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்ட ‘ஊரார்’ யார், சேரியிலிருந்து எத்தனை பேர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வியையும் கூடவே கேட்டால்தான் அது வரலாறு. கேட்காவிட்டால் வெறும் பெருமை.

அந்தக் கல்வெட்டுகளுக்கும் முந்தையவர் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார். அறந்தாங்கிப் பக்கத்து எறிச்சிதான் அவர் ஊர் என்பார்கள். புறநானூற்றில் 197ஆம் பாட்டு அவருடையது. பரிசில் தராமல் இழுத்தடித்த சோழனிடம் அவர் சொல்வது இதுதான்: தேரும் யானையும் வெண்கொற்றக் குடையும் வைத்திருக்கிற பெருவேந்தரைக் கண்டு நாங்கள் வியப்பதில்லை, சின்ன ஊருக்கு மன்னனானாலும் எங்கள் தகுதியை அறிந்து நடப்பவனையே மதிப்போம். ஆட்சியின் தகுதி, ஆளப்படுகிறவனின் தகுதியை அறிவதில் இருக்கிறது என்ற இந்தக் கருத்தை ஜெர்மனியில் ஹெகல் வேறு பாஷையில், நாம் எளிதில் படிக்க முடியாத பாஷையில் எழுதினார். எறிச்சலூர்ப் புலவர் தனக்காகக் கேட்டார். வெட்டியானுக்காக அவர் கேட்கவில்லை. ஆனால் அளவுகோலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அளவுகோலால் அவர் காலத்தையும் சேர்த்து அளக்க நமக்கு யாரும் தடை போடவில்லை.

நண்பர்களின் வாதத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். சிகாகோவில் பெர்னார்ட் கோன் என்ற ஆசிரியர், சென்சஸ் இந்தியர்களைத் தங்களையே பட்டியலாகப் பார்க்க வைத்தது என்று எழுதினார். டர்க்ஸ் அவருடைய மாணவர். 1978இல் எட்வர்ட் சையதின் ‘ஓரியன்டலிசம்’ வந்தது. மேற்கு நாட்டு அறிவே அதிகாரத்தின் கைக்கருவி என்ற பார்வை கல்விக்கூடங்களில் வேரூன்றியது. 2001இல் டர்க்ஸ் ‘காஸ்ட்ஸ் ஆஃப் மைண்ட்’ எழுதினார். நாம் இன்று அறிகிற சாதி, காலனிய ஆட்சியோடு நிகழ்ந்த மோதலில் உருவெடுத்த நவீன விஷயம் என்று அதில் வாதிட்டார். தொடங்கும்போதே ஓர் எச்சரிக்கையும் எழுதினார்: பிரிட்டிஷார் தம் சாமர்த்தியத்தால் சாதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, எல்லாவற்றுக்கும் அவர்களுக்கே காப்புரிமை கொடுப்பது, விமர்சனம் என்று தொடங்கி ஏகாதிபத்தியத்துக்குத் துதிபாடுவதில் போய் முடியும். கருத்து சிகாகோவிலிருந்து நியூயார்க் வந்து, அங்கிருந்து டெல்லி வந்து, வாட்ஸ்ஆப் வழியாகப் புதுக்கோட்டை திரும்பியபோது இந்த எச்சரிக்கை மட்டும் எங்கேயோ தவறி விழுந்துவிட்டது.

டர்க்ஸ் பின்னாளில் பாடம் நடத்திய அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 1916 மே மாதம், 25 வயது மாணவர் ஒருவர் சாதியைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். பெயர் பீமராவ் அம்பேத்கர். சாதியை மனு உண்டாக்கினார் என்பதை அந்தக் கட்டுரையில் அவர் ஏற்கவில்லை. மனுவைப் பாராட்டுவதற்காக அல்ல. அவ்வளவு பெரிய தீங்கைத் தனி ஒருவன் ஒரு நாட்டின் தலையில் கட்டிவிட முடியாது என்பதால். மனு இருந்ததைத் தொகுத்துச் சட்டமாக்கினார். அகமணமும், மேலே உள்ளவரைப் பார்த்துக் கீழே உள்ளவர் செய்த நகலும் சேர்ந்துதான் சாதியை வளர்த்தன என்பது அவர் வாதம். ஆண்டாண்டு காலமாக வேதம்போல் ஓதப்பட்ட மனுவாலேயே முடியாததை, சில ஆண்டுகள் சென்சஸ் ஆபீசில் உட்கார்ந்த ரிஸ்லி முடித்துவிட்டாரா?

‘வெள்ளைக்காரன் செய்தது’ என்ற வாதத்தால் நடைமுறையில் யாருக்கு லாபம் என்பதற்கும் புதுக்கோட்டையிலேயே சாட்சி உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1886இல் இங்கே பிறந்தார். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபு. மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேரலாமா என்று ஊரே கொதித்தபோது மன்னர் அனுமதித்தார். காலிக் கிரீடமும் சில நாள் பயன்பட்டது. அடுத்த ஆண்டு, 1887இல், திருமயத்தில் பிறந்தவர் சத்தியமூர்த்தி. இருவரும் சென்னைச் சட்டமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். தேவதாசி முறைக்கு முடிவு கட்ட முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது, சுதந்திரப் போரின் சிறந்த நாவன்மையாளரான சத்தியமூர்த்தி கலையின் பெயராலும் கோயில் மரபின் பெயராலும் எதிர்த்தார். அந்நியனின் சட்டமன்றம் நம் மரபில் கை வைக்கலாமா என்ற உணர்வு அந்தத் தலைமுறைத் தேசியவாதிகள் பலருக்கு இருந்தது. இன்றைய வாட்ஸ்ஆப் வாதத்தின் தாத்தா அதுதான்.

முத்துலட்சுமி எங்கே கை வைத்தார் என்று பாருங்கள். உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை, மானியத்தில் கை வைத்தார். தேவதாசியாகப் பொட்டுக் கட்டியதோடு ஒட்டிவந்தது கோயில் நிலம். ஊழியம் நின்றால் நிலம் போகும். 1929இல் மெட்ராஸ் மாகாண அறநிலையச் சட்டத்துக்கு வந்த திருத்தம், அந்த நிலத்தை ஊழியத்திலிருந்து அவிழ்த்துப் பெண்ணின் பெயருக்கு ஆக்கியது. பொட்டுக் கட்டுவதற்கே தடை வர 1947 ஆயிற்று. மரியாதை, நிலம், ஊழியம் மூன்றும் ஒரே முடிச்சு என்று டர்க்ஸ் நூல் எழுதிக் கண்டுபிடித்ததை, அரை நூற்றாண்டுக்கு முன்பே மானிய பூமியில் வளர்ந்த ஒரு பெண் அறிந்திருந்தார். முடிச்சை அவிழ்க்கவும் செய்தார். முடிச்சைப் போட்டவன் வெள்ளைக்காரன் என்று அவர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவன் போகட்டும் பிறகு பார்ப்போம் என்று இன்னும் இருபது ஆண்டு போயிருக்கும்.

வெள்ளைக்காரன் போய்விட்டான். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்தது. 1974இல் தனி மாவட்டம் ஆயிற்று. 2022 டிசம்பர் 26 அன்று அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில், பட்டியல் சாதிக் குடும்பங்கள் குடிதண்ணீர் எடுத்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது தெரியவந்தது. அந்த வழக்கைப் பற்றி இங்கே பேசவில்லை. அது இன்றும் சர்ச்சையில் இருக்கிறது. அடுத்த நாள் அங்கே போன மாவட்ட ஆட்சியர் கவிதா ராமுவிடம் மக்கள் சொன்ன வேறு இரண்டு விஷயங்களைப் பற்றித்தான் பேச்சு. பக்கத்து இறையூரில் அய்யனார் கோயிலுக்குள் அவர்களை விடுவதில்லை. அங்கே தேநீர்க் கடையில் அவர்களுக்குத் தனிக் குவளை. ஆட்சியர் அவர்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார். கடைக்காரர் மீது வழக்குப் பதிவானது. கோயில் முன்வாசலும் குவளையும் கரூர்க் கல்வெட்டில் வந்த செருப்பின் உறவுக்காரர்கள்.

இதைச் சொன்னால் நண்பர் என்ன பதில் சொல்வார் என்று தெரியும். வெள்ளைக்காரன் போட்ட விஷம் இன்னும் இறங்கவில்லை என்பார். இறங்காத விஷத்தை யார் இறக்குவது? சம்பந்தப்பட்டவன் லண்டனுக்குப் போய்விட்டான், நமக்குப் பொறுப்பில்லை என்றால், இறையூர்க் கடையில் அந்த இரண்டாவது குவளையைத் தினமும் கழுவி ஆணியில் மாட்டியது யார்?

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் நண்பர் என் வீட்டுக்கு வர வேண்டும். டர்க்ஸின் இரண்டு புத்தகங்களும் இருக்கின்றன, ஹட்டனின் பட்டியல் இருக்கிறது, கரூர்க் கல்வெட்டின் பாடமும் இருக்கிறது. ஒரே மேசையில் விரித்து வைத்துப் படிப்போம். அதற்குப் பிறகும் சாதியை வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினான் என்று மேடையில் சொல்ல அவருக்கு மனம் வந்தால் சொல்லட்டும். புதுக்கோட்டையைச் சாட்சிக்கு இழுக்காமல் சொல்லட்டும்.